லேடக்ஸ் மெத்தை: உறையைத் திறந்து பார்த்து வாங்குவோம்

புழுக்கத்தில் முதுகு வியர்க்காமல் உறங்கவே நாம் அதிக விலை கொடுத்து லேடக்ஸ் மெத்தை வாங்குகிறோம். லேடக்ஸ் என்பது ரப்பர் மரத்தின் பால். அதை நுரைக்கச் செய்து அச்சில் ஊற்றி வேகவைக்கிறார்கள். அச்சிலுள்ள ஊசிகளால் மெத்தை முழுவதும் துளைகள் விழுகின்றன. அவற்றின் வழியே காற்று புழங்குவதால் உடற்சூடு தேங்குவதில்லை.

ஆனால், பெட்ரோலியத்திலிருந்து செய்த செயற்கை லேடக்ஸும் உண்டு. சாதாரண ஃபோமின் மேல் ஓர் அங்குலம் லேடக்ஸ் ஒட்டியதும் இதே பெயரில் விலைபோகிறது. எனவே ஜிப்பைத் திறந்து காட்டச் சொல்வோம். லேடக்ஸ் எத்தனை அங்குலம், அதில் இயற்கைப் பால் எவ்வளவு என்பதை ரசீதில் எழுதி வாங்குவோம். ஜி.ஓ.எல்.எஸ். முத்திரை பெற, மூலப்பொருளில் 95 சதவீதத்துக்கு மேல் சான்று பெற்ற இயற்கை வேளாண் பொருளாக இருக்க வேண்டும்.

வீட்டில் ரப்பர் ஒவ்வாமை உள்ளவர் இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் வாங்க வேண்டாம்.

பஞ்சு மெத்தையைப்போல இதை வெயிலில் காயப்போடக் கூடாது. ரப்பர் இறுகி உதிர்ந்துவிடும். நிழலில் காற்றாட வைத்தால் போதும். குழந்தைகளுக்காக மெத்தை முழுவதும் ரெக்ஸின் விரித்தால் காற்று அடைபடும். நாம் கொடுத்த விலையும் வீணாகும். அவர்கள் படுக்கும் இடத்தில் மட்டும் விரித்து, மற்ற இடத்தில் பருத்தி விரிப்பைப் போடுவோம்.