உருமாறிய படிவுப் பாறை

உருமாறிய படிவுப் பாறை என்பது, அடுக்கடுக்காகப் படிந்து உருவான ஒரு படிவுப் பாறை, பின்னர் நிலத்தின் ஆழத்தில் வெப்பத்துக்கும் அழுத்தத்துக்கும் உட்பட்டு, உருகாமலேயே வேறொரு பாறையாக மாறுவதால் உண்டாகும் பாறை ஆகும். தமிழ்நாட்டில் திருவண்ணாமலைக்கு அருகிலுள்ள கவுத்திமலை, சேலத்துக்கு அருகிலுள்ள கஞ்சமலை ஆகிய இடங்களின் இரும்புத்தாதுப் பாறைகள் இதற்கு எடுத்துக்காட்டுகளாகும்.

படிவுப் பாறை உருவாதல்

வெயில், மழை, காற்று, மரவேர்கள் ஆகியவை பாறைகளைச் சிதைக்கின்றன. சிதைந்த துகள்களை ஆறுகள் ஏரிகளிலும் கடலிலும் கொண்டு சேர்க்கின்றன. மேலே சேரும் அடுக்குகளின் எடையால் கீழடுக்குகளிலுள்ள நீர் பிழிந்து வெளியேறுகிறது. நீரில் கரைந்துள்ள சிலிக்கா, கால்சைட்டு போன்றவை துகள்களின் இடைவெளிகளில் படிந்து, கட்டடத்தில் இடும் சாந்தைப் போல அவற்றைப் பிணைக்கின்றன. இவ்வாறு மணல் மணற்கல்லாகவும், களிமண் களிப்பாறையாகவும் இறுகுகின்றன. நீரில் கரைந்திருந்த பொருட்கள் நேரடியாகப் பிரிந்து படிவதாலும் படிவுப் பாறைகள் உருவாகலாம்.

உருமாற்றம்

பொதுவாக நிலத்தின் ஆழம் ஒரு கிலோமீட்டர் கூடும்போது வெப்பநிலை ஏறத்தாழ 25 முதல் 30 பாகை செல்சியசு உயர்கிறது. நிலத்தட்டுகளின் நகர்வால் ஆழத்துக்குச் செல்லும் பாறை ஏறத்தாழ 200 பாகையைக் கடக்கும்போது, அதன் கனிமங்கள் நிலைத்திருக்க முடியாமல் புதிய கனிமங்களாக மாறத் தொடங்குகின்றன. சூளையில் வேகும் பச்சைச் செங்கல் உருகி ஓடுவதில்லை. எனினும் நீரில் கரையாத வேறொரு பொருளாகி விடுகிறது. உருமாற்றத்தையும் ஓரளவு இதனுடன் ஒப்பிடலாம். பாறை முற்றிலும் உருகி மீண்டும் உறைந்தால் அது தீப்பாறை எனப்படும்.

முதன்மையான மாற்றங்கள் பின்வருமாறு:

* மணற்கல் - குவார்ட்சைட்டு
* சுண்ணாம்புக்கல் - சலவைக்கல்
* களிப்பாறை - பலகைக்கல், மேலும் வெப்பமுற்றால் மைக்கா மிகுந்த சிஸ்ட்டு
* இரும்பும் சிலிக்காவும் கொண்ட கடற்படிவு - பட்டைகளுடைய மேக்னடைட்டு குவார்ட்சைட்டு

கவுத்திமலை

கவுத்திமலையிலும் அதையொட்டிய வேடியப்பன் மலையிலும் மேற்கண்ட பட்டியலின் இறுதியிலுள்ள பாறை காணப்படுகிறது. இதில் கருநிற மேக்னடைட்டும் வெளிர்நிறக் குவார்ட்சும் மாறிமாறிப் பட்டைகளாக அமைந்துள்ளன. இதன் பொடியைக் காந்தம் ஈர்க்கும். 250 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட கடல்களில் ஆக்சிசன் மிகக் குறைவாக இருந்ததால் இரும்பு பெருமளவில் கரைந்திருந்தது. அந்த இரும்பு ஆக்சிசனேற்றம் அடைந்து சிலிக்காவுடன் மாறிமாறிப் படிந்தது. பின்னர் ஏற்பட்ட உருமாற்றத்தில் கனிமங்கள் பெரிய படிகங்களாக வளர்ந்தன. ஆனால் பட்டைகள் அழியவில்லை. ஆகவே, இன்று கடலிலிருந்து வெகுதொலைவில் உள்ள இம்மலையின் பட்டைகள் ஒரு பழங்கடலின் எச்சங்களாகும்.

அண்ணாமலை எரிமலையா?

தலபுராண மரபில் அண்ணாமலை நெருப்பு வடிவமாகப் போற்றப்படுகிறது. இதனை ஒட்டி, இம்மலை அணைந்துபோன எரிமலை என்ற கருத்தும் பரவலாக உள்ளது. நிலவியல் சான்றுகள் இதற்கு ஆதரவாக இல்லை. இப்பகுதியின் நைசு, சார்னோக்கைட்டு, கிரானைட்டு முதலியவை நிலத்தின் ஆழத்தில் உருவான பாறைகள். மேற்பரப்பில் எரிமலைக் குழம்பு உறைந்து உண்டானவை அல்ல. சார்னோக்கைட்டு போன்றவை பொதுவாக 700 பாகைக்கும் கூடிய வெப்பத்தில் உருவாகின்றன. மேலிருந்த பல கிலோமீட்டர் தடிப்புள்ள பாறைகள் அரித்துச் செல்லப்பட்ட பின்னரே அவை வெளியே தெரிந்தன. பேச்சு வழக்கில் இவை அனைத்துமே "கருங்கல்" என்றே அழைக்கப்படுகின்றன.

உருமாறாத படிவுகளுடன் ஒப்பீடு

கிழக்கே விழுப்புரம் மாவட்டத்தின் திருவக்கரையில், ஏறத்தாழ 2 கோடி ஆண்டுகள் பழமையான மணற்கல்லில் கல்லாகிய மரங்கள் கிடைக்கின்றன. இவற்றைப் பற்றி 1781இல் பிரெஞ்சு இயற்கை ஆய்வாளர் சொன்னராட் எழுதியுள்ளார். இப்படிவுகள் உருமாற்றத்துக்கு உட்படாததால் மரத்தின் நுண்ணமைப்பு இன்றும் தெரிகிறது. கடும் உருமாற்றம் இத்தகைய தடயங்களை அழித்துவிடும்.

பயன்பாடும் சிக்கல்களும்

மணற்கல்லின் துகளிடைவெளிகளில் நீர் தேங்கும். நெய்வேலிப் பகுதியின் பெரும் நிலத்தடி நீர்வளத்துக்கு இதுவே காரணம். உருமாற்றத்தில் படிகங்கள் ஒன்றோடொன்று இறுகப் பிணைவதால் அவ்விடைவெளிகள் மறைந்து விடுகின்றன. எனவே திருவண்ணாமலை போன்ற பகுதிகளில் நீர் பெரும்பாலும் சிதைந்த மேலடுக்கிலும் பாறை வெடிப்புகளிலும் மட்டுமே கிடைக்கிறது. வெடிப்பைத் தொடாத ஆழ்துளைக் கிணறு எவ்வளவு ஆழமாயினும் வறண்டே இருக்கும். ஏரி, குளங்களின் தேவை இங்கு மிகுதி.

கஞ்சமலை உள்ளிட்ட சேலம் பகுதியின் தாதுவைக் கொண்டு 19ஆம் நூற்றாண்டில் பரங்கிப்பேட்டையில் இரும்பு உருக்கப்பட்டது. கவுத்திமலையில் தாது எடுக்கும் திட்டம் 2000களில் முன்மொழியப்பட்டபோது, காப்புக்காடும் நீராதாரமும் அழியும் என்று சுற்றுப்புற ஊர் மக்கள் அதை எதிர்த்தனர். இத்தாதுவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே இரும்பு என்பதால், பெருமளவு பாறையை உடைத்துப் பொடியாக்கிய பின்னரே அதைப் பிரிக்க முடியும். எஞ்சும் கழிவுப் பொடியைச் சேர்த்து வைக்கப் பரந்த இடமும் தேவைப்படும்.

இவற்றையும் பார்க்க

* தீப்பாறை
* சார்னோக்கைட்டு
* கஞ்சமலை