கானரிப் பறவையின் மூச்சு நோய்கள்



உத்தியோகத்தின் பொருட்டுப் பிற மாநிலங்களில் குடியேறிய நம்மவர் பலருக்கு முற்றமும் தோட்டமும் உள்ள வீடு கிட்டுவதில்லை. மாடியில் இரண்டு அறைகளும், துணி உலர்த்தும் அளவுக்கு ஒரு பால்கனியும் வாய்த்தால் போதும் என்று அமைந்துவிடுகிறோம். அத்தகைய இல்லத்தில் பசுவுக்கும் நாய்க்கும் இடமில்லை. ஒரு கூண்டுக்கு இடமுண்டு. கிளி, மைனா முதலிய நம் நாட்டுப் பறவைகளைக் கூண்டில் அடைப்பதை 1972ஆம் ஆண்டின் வன உயிர்ப் பாதுகாப்புச் சட்டம் தடுக்கிறது. ஆகவே, பாட்டுக் கேட்க விரும்புவோர் பலரும், தலைமுறை தலைமுறையாகக் கூண்டிலேயே பிறந்து வளரும் அயல்நாட்டு இனமாகிய கானரியை நாடுகின்றனர்.

பாட்டுக்காக வாங்கிய பறவை ஒருநாள் மௌனமாகிவிட்டால், ஜலதோஷம் பிடித்திருக்கும், தானே தெளிந்துவிடும் என்று இருந்துவிடுவது வழக்கம். கானரியைப் பொறுத்தவரை இது ஆபத்தான வழக்கமாகும். நலிந்த பறவையையே பகை முதலில் தாக்கும் என்பதால், நோயை இயன்றவரை மறைத்துக்கொள்வது பறவைகளின் இயற்கை. மூச்சுத் துன்பம் நம் கண்ணுக்குப் புலப்படும்போது நோய் முற்றத் தொடங்கிவிட்டது என்றே கொள்ளவேண்டும். அதன் பின்னர் நமக்குக் கிடைக்கும் அவகாசம் சில நாட்களாக இருக்கலாம். சில மணி நேரமாகவும் இருக்கலாம்.

அட்லாண்டிக் மாகடலில் உள்ள கானரித் தீவுகள், மதேரா, அசோர்ஸ் ஆகியவை இப்பறவையின் தாயகம். அதன் எடை ஏறக்குறைய 20 கிராம்தான். ஆயினும் அதன் சுவாச அமைப்பு நம்முடையதைவிட நுட்பமானது. நமது நுரையீரலில் காற்று போன வழியே திரும்புகிறது. பறவையின் நுரையீரலிலோ, உடலெங்கும் பரவியுள்ள காற்றுப் பைகளின் உதவியால், மூச்சை உள்ளிழுக்கும்போதும் வெளிவிடும்போதும் புதுக்காற்று ஒரே திசையில் ஓடிக்கொண்டேயிருக்கிறது. இதனால் பறவை பிராணவாயுவை மிகுதியாகப் பெறுகிறது. அதே காரணத்தால் காற்றிலுள்ள நஞ்சையும் விரைவாக ஏற்றுக்கொள்கிறது. மேலும், நமக்கு உள்ளது போன்ற உதரவிதானம் பறவைக்குக் கிடையாது. மார்பெலும்பை அசைத்துத்தான் அது மூச்சு விடுகிறது. அன்பு மிகுதியால் மார்பை இறுகப் பற்றினால் மூச்சு நின்றுபோகும்.

இந்த இயல்பைப் பயன்படுத்தியே, நிலக்கரிச் சுரங்கங்களில் கார்பன் மோனாக்சைடு வாயுவைக் கண்டறியக் கானரியை வைத்துக்கொள்ளலாம் என்று ஜான் ஸ்காட் ஹால்டேன் என்னும் அறிஞர் 1890களில் கூறினார். பறவை தள்ளாடி விழுந்தால் சுரங்கத் தொழிலாளர் உடனே வெளியேறுவர். விழுந்த பறவைக்குப் பிராணவாயு ஊட்டி உயிர்ப்பிப்பதற்கென்றே சிறு உருளை பொருத்திய கூண்டுகளும் இருந்தன. பிரிட்டனில் இவ்வழக்கத்தைக் கைவிட்டு மின்கருவிகளை ஏற்பதென 1986இல் அறிவிக்கப்பட்டது.

இனி, நோயின் அறிகுறிகளைக் காண்போம். நலமுள்ள கானரி அலகை மூடியபடி, ஓசையின்றி மூச்சு விடும். வால் அசையாது. பாட்டுக் குறைதல், குரல் கம்முதல் ஆகியவை பெரும்பாலும் முதல் அறிகுறிகள். அடுத்து, ஒவ்வொரு மூச்சுக்கும் வால் மேலும் கீழும் ஆடும். அலகு திறந்தே இருக்கும். கடிகாரத்தின் டிக்டிக் ஒலி போன்றோ, சீழ்க்கை போன்றோ ஓர் ஓசை எழும். பறவை தலையை உதறும். அலகைக் கம்பில் தேய்க்கும். சிறகைப் புடைத்துக்கொண்டு பகலிலும் உறங்கும். இரவில் அறை அடங்கிய பின் கூண்டருகே செவி வைத்துக் கேட்பதே சிறந்த சோதனை. பகலின் இரைச்சலில் மறைந்துபோகும் ஓசை அப்போது தெளிவாகக் கேட்கும்.

மௌனமெல்லாம் நோயன்று என்பதையும் அறிதல் வேண்டும். ஆண்டுக்கொருமுறை இறகு உதிரும் பருவத்தில் சேவல் பாடாது. பெட்டை எப்போதுமே அதிகம் பாடுவதில்லை. கோடை வெயிலில் அலகைத் திறந்து, சிறகை உடலினின்று விலக்கி இளைப்பதும் இயல்பே. நிழலில் வைத்தால் சற்று நேரத்தில் தணிந்துவிடும். தணியாவிடில் அது நோய். முட்டையிட இயலாது தவிக்கும் பெட்டையும் வாலை ஆட்டித் திணறும். அதற்கும் உடனடி உதவி வேண்டும்.

காரணங்கள் பல. அவற்றுள் கானரியிடம் அடிக்கடி காணப்படுவது காற்றுப்பை உண்ணி. மிகச் சிறிய இந்த உயிர் மூச்சுக்குழலிலும் காற்றுப் பைகளிலும் குடியேறுகிறது. தாய்ப்பறவை குஞ்சுக்கு இரையூட்டும்போதும், நோயுற்ற பறவை இருமும்போதும் பரவுகிறது. குரல் இழப்பும் டிக்டிக் ஒலியும் இதன் அடையாளங்கள். இருட்டறையில் கழுத்தின் இறகை நனைத்து விலக்கி, பின்புறமிருந்து ஒளி பாய்ச்சினால், மூச்சுக்குழலில் கரும்புள்ளிகள் போல உண்ணிகள் தெரிவதுண்டு. ஆனால் இச்சோதனையை மருத்துவரே செய்தல் நலம். இதற்கு ஐவர்மெக்டின் போன்ற மருந்தைக் கழுத்துத் தோலில் துளியளவு இடுவர். சில வாரங்களில் மீண்டும் இடுவர். உடனிருக்கும் பறவைகளுக்கும் இடுவர். ஆடுமாடுகளுக்கென விற்கப்படும் அதே மருந்தை நாமே வாங்கி ஊற்றினால், 20 கிராம் எடையுள்ள உயிருக்கு அது நஞ்சாகிவிடும்.

இரண்டாவது, பூஞ்சணம். ஈரம் பட்டுப் பூத்த தானியத்திலிருந்தும், நனைந்த தரைவிரிப்பிலிருந்தும் இதன் வித்துகள் காற்றோடு உட்புகுகின்றன. மும்பை, கொல்கத்தா போன்ற ஈரக்காற்று வீசும் நகரங்களில் மழைக்காலத்தில் இந்த அபாயம் அதிகம். பல வாரங்கள் மருந்து கொடுத்தாலும் குணம் அரிது. ஆகவே காப்பே சிறந்த வழி.

மூன்றாவது, கொசுவால் பரவும் கானரி அம்மை. கண்ணோரத்திலும் காலிலும் கொப்புளமாகத் தோன்றுவது ஒரு வகை. தொண்டையிலும் நுரையீரலிலும் பற்றி மூச்சை அடைப்பது மற்றொரு வகை. பின்னதில் பிழைப்பவை குறைவு. இது வைரஸ் நோயாதலால் இதனை அழிக்கும் மருந்தில்லை. உடன் சேரும் கிருமிகளை மட்டுமே மருத்துவர் கட்டுப்படுத்த முடியும். மாலையில் கூண்டின் மீது கொசுவலை போர்த்துவது எளிய காப்பு.

நான்காவது, பாக்டீரியக் கிருமிகளால் வரும் சளி நோய்கள். இவற்றுக்கு டாக்சிசைக்ளின் போன்ற மருந்துகளை மருத்துவர் தருவதுண்டு. அவ்வாறு தரும்போது, கூண்டில் தொங்கும் கணவாய் ஓட்டை எடுத்துவிட வேண்டுமா என்று அவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அதிலுள்ள சுண்ணச்சத்து அம்மருந்தின் வலிமையைக் குறைக்கும். வெறும் தானியம் மட்டுமே தின்னும் பறவைக்கு வைட்டமின் ஏ குறைந்து, மூச்சுப்பாதையின் உட்தோல் கெட்டு, இத்தகைய கிருமிகள் எளிதில் புகும். கங்னி என்று வடநாட்டுக் கடைகளில் விற்கும் தினையோடு, நன்கு கழுவிய கீரையும் துருவிய காரட்டும் நாள்தோறும் சிறிது வைத்தல் வேண்டும்.

ஐந்தாவது, நமது புகை. ஊதுவத்தி, சாம்பிராணி, கொசுவர்த்திச் சுருள், சிகரெட், தாளிப்புப் புகை ஆகிய யாவும் இப்பறவைக்குக் கேடு. ஒட்டாப் பூச்சுள்ள வாணலி அடுப்பில் மிதமிஞ்சிக் காய்ந்தால் எழும் ஆவி, பறவையைச் சில நிமிடங்களிலேயே கொன்றுவிடும். எனவே சமையலறையிலும் பூசை அறையிலும் கூண்டு கூடாது.

வடக்கே குளிர்காலத்தில், கதவு சன்னல்களை அடைத்து, அங்கீட்டி என்னும் கரிக்கணப்பை மூட்டிக்கொள்வோர் உண்டு. சுரங்கத்தில் உயிர் குடித்த அதே கார்பன் மோனாக்சைடு அவ்வறையிலும் சேர்கிறது. அதற்கு மணமில்லை, நிறமில்லை. கணப்புள்ள அறையில் கானரி கம்பினின்று விழுந்தால், பறவைக்கு நோய் என்று எண்ணி நிற்கலாகாது. கதவைத் திறந்து, குழந்தைகளை முதலில் வெளியே கொண்டுசெல்ல வேண்டும். பறவையை நம்பிக் கணப்பு மூட்டுவதும் தகாது. உறங்கும் அறையில் கணப்பே வேண்டாம்.

மூச்சுத் துன்பம் கண்டவுடன் செய்யத் தக்கவை இவை. நோயுற்ற பறவையைத் தனிக் கூண்டில், புகையற்ற அமைதியான அறையில் வையுங்கள். கூண்டின் ஒரு பக்கத்துக்கு மட்டும் வெதுவெதுப்பு, 30 டிகிரி செல்சியஸ் அளவில், கிடைக்கச் செய்யுங்கள். சூடு மிகுந்தால் பறவை மறுபக்கம் விலக இடம் வேண்டும். பறவை இளைத்தால் சூட்டைக் குறையுங்கள். கம்புகளைத் தாழ்த்தி, தானியமும் நீரும் அருகிலேயே இருக்கச் செய்யுங்கள். இத்தனை சிறிய உயிர் ஒருநாள் பட்டினியைக்கூடத் தாங்காது.

செய்யத் தகாதவையும் உண்டு. துளசிச் சாறு, தேன், எண்ணெய் என எதையும் அலகைத் திறந்து ஊற்றாதீர்கள். மூச்சுக்குழலின் வாய் நாக்கின் அடியிலேயே இருப்பதால், ஊற்றியது நுரையீரலுக்கே போய்விடும். தலைவலித் தைலத்தின் ஆவியைப் பிடிக்க வைக்காதீர்கள். மனிதருக்கான மாத்திரையைப் பொடித்து நீரில் கலக்காதீர்கள். ஐந்து காரணங்களுக்கும் வெளித்தோற்றம் ஏறக்குறைய ஒன்றே. சிகிச்சையோ வேறு வேறு. காரணம் அறியாது கொடுக்கும் மருந்து, நோயை விட்டுவிட்டுக் காலத்தை மட்டும் விழுங்கும்.

பறவை மருத்துவம் அறிந்தவரை முன்னதாகவே விசாரித்து வைப்பது நன்று. டில்லியில் செங்கோட்டைக்கு எதிரே, சமணர்களின் லால் மந்திர் வளாகத்தில், பறவைகளுக்கென்றே ஒரு தரும மருத்துவமனை உண்டு. மும்பை வாசிகளுக்குப் பரேலில் பெரிய விலங்கு மருத்துவமனை இருக்கிறது. பிற நகரங்களில் கால்நடை மருத்துவக் கல்லூரியை அணுகலாம். அவ்வூர் மொழி நமக்குச் சரளமாக வராவிடினும் கவலை வேண்டாம். பறவை வாலாட்டி மூச்சு விடுவதை ஓசையோடு கைப்பேசியில் பதிவுசெய்து காட்டுங்கள். எச்சம் படிந்த தாளையும், தின்னும் தானியத்தில் ஒரு பிடியையும் எடுத்துச் செல்லுங்கள். கூண்டைத் துணியால் மூடி, குலுங்காமல் கொண்டுபோங்கள்.

கானரிக்குத் தன் துன்பத்தைச் சொல்லத் தெரியாது. பாட்டை நிறுத்தத்தான் தெரியும். ஆதலால், நாள்தோறும் தானியம் வைக்கும்போது இரண்டு நிமிடம் நின்று, அலகு மூடியிருக்கிறதா, வால் அசையாதிருக்கிறதா, மூச்சில் ஓசை உண்டா என்று மூன்றையும் கவனியுங்கள். பறவையைக் காக்க நமக்குக் கிடைக்கும் அவகாசம் அந்தக் கவனிப்பில்தான் இருக்கிறது.