மக்காச்சோளக் கருது: சுட்டு விக்கலாமா, அவிச்சு விக்கலாமா?



போடியிலிருந்து மூணாறு போகிறவர்கள் 17 கொண்டை ஊசி வளைவும் ஏறி போடிமெட்டில் இறங்கினதும் தேடுவது சூடாக ஏதாவது ஒன்றைத்தான். பனி இறங்குற நேரத்தில் கரி அடுப்பில் சுடுகிற மக்காச்சோள வாசமே ஆளைக் கூப்பிட்டுவிடும். ஏலத்தோட்டத்துக்கு ஜீப்பில் போகிற நம்ம பெண்கள் பலருக்கு வருஷம் பூரா வேலை இருப்பதில்லை. அந்த நாட்களுக்கு இது ஒரு நல்ல தொழில்.

முதலில் கணக்கைப் பாருங்க. 2025-26-க்கு மத்திய அரசு அறிவித்த ஆதரவு விலை குவிண்டாலுக்கு 2,400 ரூபாய், அதாவது கிலோ 24 ரூபாய். ஒரு கருதைக் காயவைத்து உதிர்த்தால் 100 முதல் 150 கிராம் மணி தேறும். ஆக, கோழித்தீவனத்துக்குப் போகிற ஒரு கருதுக்கு நமக்குக் கிடைப்பது சுமார் மூணு ரூபாய். அதையே பச்சையாக ஒடித்துச் சுட்டு 20 ரூபாய்க்கு விற்றால்? கரி, பஸ் செலவு, விக்காமல் மிஞ்சுவது எல்லாம் கழிச்சாலும் கையில் நிற்கும். ஆனா முழுக் காட்டையும் இப்படி விற்க முடியாது. நாலு வரப்பு அளவுக்கு ஒதுக்கினால் போதும்.

ருசி எல்லாம் ஒடிக்கிற பருவத்தில் இருக்கு. மணியை நகத்தால் கீறினால் பால் தெறிக்கணும். தண்ணியாக வந்தால் பிஞ்சு, மாவாக இருந்தால் முத்தல். ஒடித்த நிமிஷத்திலிருந்து உள்ளே இருக்கிற சர்க்கரை மாவாக மாற ஆரம்பிச்சிடும், வெயில் பட்டால் இன்னும் வேகமா மாறும். அதனால் விடியற்காலையில் ஒடிச்சு, மட்டையை உரிக்காமல், ஈரச் சாக்கில் சுற்றி அன்றைக்கே மேலே ஏத்துங்க. நம்ம பக்கம் விளையுற சாதாரண மக்காச்சோளம் சுடுவதற்கு ஏற்றது. இனிப்புச் சோளம் அவிக்கத்தான் நல்லா இருக்கும்.

சுடும்போது கொழுந்து விட்டு எரிகிற தீ ஆகாது. மேலே கருகிடும், உள்ளே பச்சையாவே நிக்கும். கரி சாம்பல் பூத்த கனலாக ஆனதும் வச்சு, விசிறிக்கிட்டே திருப்பணும். மீசையை மட்டும் உருவிவிட்டு, மட்டையை மறுபடி மூடித் தண்ணியில் நனைச்சு சுட்டால் ஆவியிலேயே வெந்து மெத்துன்னு வரும். பல் இல்லாத பெரியவங்களுக்கு இதுதான் தோது.

அவிக்கிறதில் ஒரு விஷயம். போடிமெட்டு நாலாயிரம் அடிக்கு மேலே இருக்கு. அங்கே தண்ணி 95, 96 டிகிரியிலேயே கொதிச்சிடும். கொதி வந்தாலும் சூடு குறைவு, அதனால வேக நேரம் ஆகும். குக்கரில் வைத்தால் அந்தக் கவலை இல்லை. கேஸும் மிச்சம்.

தடவுவதற்கு உப்பு, மிளகாய்த்தூள், எலுமிச்சை எல்லாரும் அறிந்தது. மக்காச்சோளமும் மிளகாயும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவை. மெக்சிகோவில் இன்றைக்கும் இதே சேர்க்கைதான், மேலே பாலாடைக்கட்டியும் தூவுவாங்க. நாம மலை மிளகைப் பொடித்து உப்பில் கலந்து, கொஞ்சம் வெண்ணெய் தொட்டுத் தடவினால் குளிருக்கு அருமையாக இருக்கும். வடக்கே கறுப்பு உப்பு சேர்ப்பாங்க. குழந்தைகளுக்கு வெறும் உப்புத் தண்ணி தெளிச்சாலே போதும். கிழக்கு ஆப்பிரிக்காவில் குடியேறின குஜராத்திக் குடும்பங்களில் கருதைத் துண்டு போட்டு, தேங்காய்ப்பாலில் மஞ்சள், பச்சை மிளகாயோடு கொதிக்கவிட்டுக் குழம்பாகச் சாப்பிடுவாங்க. நம்ம வீட்டு மதியச் சோத்துக்கும் இது பொருந்தும். மிஞ்சின அவிச்ச கருதை உதிர்த்து, கடுகு கருவேப்பிலை தாளிச்சுத் தேங்காய் போட்டால் சுண்டல்.

இப்ப கவனமாக் கேட்க வேண்டியது. 2018-ல் படைப்புழு வந்ததிலிருந்து மக்காச்சோளத்துக்கு மருந்து அடிப்பது கூடியிருக்கு. அடிச்ச பிறகு எத்தனை நாள் கழித்து ஒடிக்கலாம் என்று டப்பாவிலேயே போட்டிருக்கும். படிக்கத் தெரியலைன்னா வேளாண் உதவி அலுவலரிடம் கேளுங்க. விற்பனைக்கு ஒதுக்கிய வரிசையில் மருந்தே அடிக்காமல் விட்டால் இன்னும் நல்லது. விதைக்காக மருந்து கலந்து வைத்த மணியை எக்காரணம் கொண்டும் சமையலுக்கு எடுக்கக் கூடாது.

கடை போடுமுன் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்யணும். விவரத்தைக் கூட்டமைப்பு கூட்டத்தில் கேட்டுக்கொள்ளலாம். விறகுக்குக் காட்டுக்குள் போகாதீங்க, கரியை ஊரிலிருந்தே கொண்டு போங்க. 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் 20 பேருக்கு மேல் இறந்தது நம்ம கண் முன்னால் நடந்தது. கிளம்பும்போது கனலில் தண்ணி ஊத்திக் கையால் தொட்டுப் பார்த்துட்டு வாங்க. உரிச்ச மட்டையை அங்கே போட்டால் குரங்கு கூடும். சாக்கில் கட்டிக் கீழே கொண்டு வந்தால் மாட்டுக்கு ஒரு வேளைத் தீவனம்.