கரண்டுச் சாமானுக்கு ஸ்பிரே அடிக்கலாமா?



பினாங்கில் மழையும் கடற்காற்றும் அதிகம். சுவிட்ச், பிளக், பம்பு மோட்டார் இவற்றின் பித்தளையில் பச்சை பூத்துவிடும். உடனே, "ஸ்பிரே அடிச்சா சரியாப் போயிடும்" என்று டின்னைத் தூக்குகிறோம். கொஞ்சம் பொறுங்கள்.

எல்லா ஸ்பிரேயும் ஒன்றல்ல. டபிள்யூ.டி.40 என்பது 1953-ல் அமெரிக்காவில் செய்யப்பட்டது. ஈரத்தை விரட்டுவதும் துருவைத் தடுப்பதும் அதன் வேலை. அடித்த இடத்தில் எண்ணெய்ப் படலம் தங்கும்; அதில் தூசி ஒட்டும். மின்தொடுப்புகளைத் துடைக்க 'காண்டாக்ட் கிளீனர்' என்று தனியாக விற்கிறது. அது காய்ந்து ஆவியாகிவிடும். ஆனால் இவற்றில் பல எளிதில் தீப்பற்றும். சுவிட்ச் போடும்போது தெறிக்கும் சிறு பொறி போதும், குப்பென்று பிடித்துவிடும்.

ஆகவே இப்படிச் செய்யுங்கள்:

1. பிளக்கைக் கழற்றுங்கள். சுவிட்சை மட்டும் அணைத்தால் போதாது. சுவரிலுள்ள சுவிட்ச், பியூஸ் பெட்டி ஆகியவற்றை லைசென்ஸ் உள்ள வயர்மேனிடம் விடுங்கள். டி.வி., மோட்டார் இவற்றுக்குள் இருக்கும் கப்பாசிட்டரில், பிளக்கைக் கழற்றிய பிறகும் கரண்டு நிற்கும்.

2. கதவு, ஜன்னலைத் திறந்து வையுங்கள். இந்த ஆவி காற்றைவிடக் கனம், தரையோடு தங்கும். பக்கத்தில் அடுப்பு, சாமி விளக்கு, சிகரெட் கூடாது.

3. கையுறை, கண்ணாடி போடுங்கள். இந்தத் திரவம் தோலின் எண்ணெய்ப் பசையை எடுத்துவிடும். கை வெடிக்கும், அரிக்கும். சில கிளீனரில் ஹெக்ஸேன் உண்டு. நாள்தோறும் சுவாசித்தால் கைகால் நரம்பு மரத்துப் போகும். அமெரிக்காவில் கார் பட்டறைத் தொழிலாளர்களுக்கு இப்படி நேர்ந்திருக்கிறது.

4. நன்றாகக் காய்ந்த பிறகே பிளக்கைச் செருகுங்கள்.

5. பிளக் கருகியோ உருகியோ இருந்தால் துடைத்துப் பயனில்லை. லூஸ் தொடுப்பும் அதிக லோடும்தான் அந்தச் சூட்டுக்குக் காரணம். மாற்றிவிடுங்கள்.

காலி டின்னைக் குத்தாதீர்கள், நெருப்பில் போடாதீர்கள், வெடிக்கும்.

கண்ணில் பட்டால் 15 நிமிடம் சுத்தத் தண்ணீரில் கழுவுங்கள். பிள்ளை குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். திரவம் நுரையீரலுக்குள் போனால் ஆபத்து. டின்னையும் கையோடு எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். நம் பினாங்கிலுள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் தேசிய விஷ மையம் இருக்கிறது. அங்கே ஆலோசனை கேட்கலாம். யாரையாவது கரண்டு பிடித்தால் தொடாதீர்கள். முதலில் மெயினை அணைத்து, 999-க்குப் போன் செய்யுங்கள்.

வேலையிடத்தில் இந்த வேலை கொடுத்தால், கையுறையும் கண்ணாடியும் முதலாளி தரவேண்டும். அதற்குச் சம்பளத்தில் காசு பிடிக்கக் கூடாது என்கிறது 1994-ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்புச் சட்டம். 40 பேருக்குக் குறையாத இடத்தில் பாதுகாப்புக் குழுவும் இருக்கவேண்டும். இல்லையென்றால் சங்கத்தில் வந்து சொல்லுங்கள்.

ஒரு பிளக்கின் விலை சில வெள்ளிதான். உயிருக்கு விலை கிடையாது.