அன்றாடம் எழுதிய துபாஷி

புதுச்சேரி பெரிய மார்க்கெட் பக்கம் போனால், ரங்கப்பிள்ளை வீதியில் உள்ள பழைய மாளிகையைக் கொஞ்சம் நின்று பாருங்கள். கீழ்த்தளத்தில் நம்மூர் முறைப்படி மரத்தூண்கள். மாடியில் பிரெஞ்சு பாணியில் சுண்ணாம்புத் தூண்கள். இது ஆனந்தரங்கப் பிள்ளை வாழ்ந்த வீடு.

பிரெஞ்சு ஆளுநர் டூப்ளேயின் துபாஷியாக, மொழிபெயர்ப்பும் வணிகமும் பார்த்தவர் இவர். 1736 செப்டம்பர் 6ஆம் தேதி தொடங்கி, 1761இல் காலமாகும் வரை, ஏறக்குறைய 25 ஆண்டுகள் தமிழில் நாட்குறிப்பு எழுதினார். துறைமுகத்துக்கு எந்தக் கப்பல் வந்தது, அதற்கு எத்தனை குண்டு போட்டு மரியாதை செய்தார்கள், ஆளுநர் என்ன பேசினார், ஊரில் என்ன பேச்சு என்று எல்லாம் அதில் உண்டு. 1748இல் ஆங்கிலேயப் படை புதுச்சேரியை முற்றுகையிட்டதையும், அப்போது வேதபுரீஸ்வரர் கோயில் இடிக்கப்பட்டதையும் நேரில் இருந்தவராகவே பதிவு செய்திருக்கிறார்.

ஏட்டில் உறங்கிய இந்தக் குறிப்புகளை 1846இல் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தவர் கலுவா மோம்பிரேன் என்ற பிரெஞ்சுக்காரர். பின்னர் சென்னை அரசு இவற்றை ஆங்கிலத்தில் 12 தொகுதிகளாக வெளியிட்டது. புதுச்சேரி எழுத்தாளர் பிரபஞ்சன் அந்தக் காலத்தை வைத்து எழுதிய ‘வானம் வசப்படும்’ நாவல் 1995இல் சாகித்திய அகாதமி விருது பெற்றது.

அரசர்களின் கல்வெட்டு வெற்றிகளைச் சொல்லும். ஊர் எப்படி வாழ்ந்தது என்று சொல்ல, தினமும் வேலைக்குப் போய்வரும் ஒருவரின் குறிப்பு வேண்டும். போன ஊர், பார்த்த படம், மனதில் பட்ட எண்ணம் எதுவானாலும் நாலு வரி எழுதி, தேதியும் போட்டு வையுங்கள். நம் காலத்தை நம் பேரப்பிள்ளைகள் அதில்தான் படிப்பார்கள்.