நெல்லும் பதரும்

களத்தில் நெல் தூற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். பதர் காற்றோடு போகும். நெல் காலடியில் குவியும். கணிப்பொறிக்குக் கட்டளைத் தொகுப்பு எழுதுவோருக்கும் இந்த வேலை உண்டு. அதை அறியாமல் பதரோடு நெல்லையும் காற்றில் விட்டவன் நான்.

தொலைவிலுள்ள கணிப்பொறிக்குப் பாதுகாப்பாகக் கட்டளை அனுப்ப உதவுவது எஸ்.எஸ்.எச். என்னும் கருவி. பின்லாந்து நாட்டின் ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் கடவுச்சொற்கள் களவாடப்பட்டதைக் கண்ட டாட்டூ யுலோனன் என்பவர் 1995-ஆம் ஆண்டில் இதனை உருவாக்கினார். இன்று பெரிதும் வழக்கிலுள்ள ஓப்பன் எஸ்.எஸ்.எச். 1999-இல் வெளிவந்தது.

வகுப்புத் தோழர்களின் செய்முறைக் கோப்புகளை இரவுதோறும் வேறொரு கணிப்பொறிக்குப் படியெடுக்க நான் ஒரு தொகுப்பு எழுதினேன். ஒவ்வொரு முறையும் வரவேற்புரையும் எச்சரிக்கையும் வந்து குவிந்தன. எரிச்சலுற்று, வரும் செய்தி அனைத்தையும் 'நல்' என்னும் வெறுமைக் கோப்புக்குத் திருப்பிவிட்டேன். பத்து நாள் அமைதி! பிறகு ஒரு தோழர் தம் கோப்பைத் தவறுதலாக அழித்துவிட்டு என்னிடம் வந்தார். தேடினால் படி இல்லை. மறுபுறத்தில் வட்டு நிரம்பிவிட்டது. 'இடமில்லை' என்று கருவி இரவுதோறும் சொல்லியிருக்கிறது. கேட்க விடாமல் செய்தவன் நானே.

கட்டளைக்கு வாய் இரண்டு என்பதை அதன் பிறகே கற்றேன். விடை முதலாம் வழியில் வரும். பிழையும் எச்சரிக்கையும் இரண்டாம் வழியில் வரும். விடை மட்டும் வேண்டுமெனில் முதல் வழியை மட்டும் கோப்பில் வாங்கினால் போதும். இரண்டாவதைத் தனிக் கோப்பில் சேர்த்து வைக்க வேண்டும், எறிந்துவிடக் கூடாது.

இரண்டாம் வழியிலும் பதர் உண்டு. நுழையுமுன் சர்வர் காட்டும் அறிவிப்பும், 'புதிய கணிப்பொறியைப் பட்டியலில் சேர்த்தேன்' என்னும் செய்தியும் அத்தகையவை. 'லாக்லெவல்' என்னும் அமைப்பை 'எர்ரர்' என்று வைத்தால் இவை நின்றுவிடும்; உண்மைப் பிழைகள் மட்டும் வரும். 'கியூ' என்னும் குறியோ இணைப்புப் பிழைகளையும் சேர்த்து அடக்கிவிடும். மறுபுறக் கணிப்பொறியின் அடையாளச் சாவி மாறிவிட்டது என்னும் எச்சரிக்கையை மட்டும் ஒருபோதும் அடக்கலாகாது. இடையில் எவரேனும் புகுந்திருக்கலாம் என்பதற்கு அதுவே அறிகுறி.

முதல் வழியிலேயே பதர் கலப்பதும் உண்டு. மறுபுறத்தில் 'பாஷ்' தொடக்கக் கோப்பில் 'வெல்கம்' என்று அச்சிடும் வரி இருந்தால், கோப்பு மாற்றும் எஸ்.எஃப்.டி.பி. திகைத்து நின்றுவிடும். காரணம் எளிது. முதல் நான்கு பைட்டுகளை அது வரவிருக்கும் செய்தியின் நீளம் என்று கொள்ளும். அந்த ஆங்கிலச் சொல்லின் முதல் நான்கு எழுத்துகளுக்குரிய எண்கள் 87, 101, 108, 99. இவற்றைச் சேர்த்து ஒரே எண்ணாகப் படித்தால் 1,46,62,64,675! ஓப்பன் எஸ்.எஸ்.எச். ஏற்கும் உச்ச நீளமோ 2,62,144 பைட்டுகளே. ஆகவே 'செய்தி மிக நீளம்' என்று கூறி விலகிவிடும். மனிதர் அமர்ந்து பணிபுரியும்போது மட்டும் அவ்வரி அச்சாகுமாறு நிபந்தனை வைப்பதே இதற்கு மருந்து.

இறுதியாக ஒன்று. கட்டளை முடிந்ததும் ஓர் எண்ணை விட்டுச் செல்லும். 0 எனில் வெற்றி. எஸ்.எஸ்.எச். தானே தவறினால் 255. மற்றபடி மறுபுறக் கட்டளையின் எண்ணே வரும். எவ்வளவு செய்தியை அடக்கினாலும் இவ்வெண்ணைப் பார்க்கத் தவறாதீர். இப்போது என் தொகுப்பு, எண் 0 இல்லையெனில், சேர்த்து வைத்த பிழைச் செய்தியை எனக்கு அனுப்பிவிடுகிறது.

தோழரின் கோப்பு திரும்பக் கிடைக்கவில்லை. இரண்டு இரவுகள் உடனிருந்து அதை மீண்டும் எழுத உதவினேன். சத்தம் இல்லாததாலேயே எல்லாம் நலம் என்று எண்ணிவிடலாகாது என்பதே நான் கற்ற பாடம். தூற்றுங்கள் நண்பர்களே, ஆனால் முறத்தின்மேல் ஒரு கண் இருக்கட்டும்.