அரௌஸ்: எழுப்புறதா, தூண்டுறதா, உசுப்பேத்துறதா?

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டே போட்டித் தேர்வுக்குப் படிக்கும் தம்பி ஒருவர் கேட்டார்: "அண்ணே, அரௌஸ்னா எழுப்புறதுன்னு டிக்‌ஷனரில போட்டிருக்கு. ஆனா சந்தேகம், கோபம், ஆர்வம், ஆசை எல்லாத்துக்கும் அதே சொல்லு வருது. தமிழ்ல ஒரே சொல்லா சொல்ல முடியாதா?"

முடியாது. ஏன் முடியாது என்று பார்க்கப்போனால் விஷயம் வேலூர்க் கோட்டை வரைக்கும் போகிறது.

முதலில் ஆங்கிலப் பக்கம். 'அரௌஸ்' பின்னால் வந்த சொல், 'ரௌஸ்'தான் மூத்தது. 15ஆம் நூற்றாண்டில் அது வேட்டைக்காரர்களின் சொல். பழக்கிய பருந்து இறகை உதறிக்கொள்வது ரௌஸ். புதருக்குள் பதுங்கிய மானை வெளியே கிளப்புவதும் ரௌஸ். தூங்குகிறவனை எழுப்புவது அதற்குப் பிறகுதான். ரைஸ் என்பதற்கு அரைஸ் இருப்பதுபோல, ரௌஸுக்கு முன்னால் ஒரு 'அ' ஒட்டிக்கொண்டது 16ஆம் நூற்றாண்டின் கடைசியில். இன்றைக்கு ஓரளவு வேலைப் பிரிவினை வந்துவிட்டது. ஆளை எழுப்ப ரௌஸ், உணர்ச்சியை எழுப்ப அரௌஸ். மருத்துவமனையில் 'ரௌஸபிள்' என்று குறித்திருந்தால், மயக்கமாகத் தெரிந்தாலும் கூப்பிட்டாலோ தட்டினாலோ நோயாளி விழிக்கிறார் என்று பொருள். மூளை ஆய்வில் 'அரௌஸல்' என்றால் விழிப்பு நிலை, அவ்வளவுதான். 1949இல் மொருஸ்ஸியும் மகூனும் மூளைத் தண்டில் ஒரு பகுதியை மின்சாரத்தால் தூண்டியபோது, உறக்க அலைகள் மறைந்து விழிப்பு அலைகள் வந்ததைக் காட்டினார்கள். பொதுப் பேச்சிலோ அரௌஸல் என்றதும் பாலுணர்ச்சிதான் ஞாபகம் வரும். அதனால் "மேனேஜர் என்னை அரௌஸ் பண்ணார்" என்று ஆபீஸில் சொல்லி வைக்காதீர்கள்!

தமிழில் இந்த வேலையை ஏழெட்டு வினைகள் பங்கு போட்டுக்கொள்கின்றன. கேள்வியும் சந்தேகமும் எழுப்புவோம். புரளியும் பீதியும் கிளப்புவோம். பழைய பகையைக் கிளறுவோம். நாயையும் நண்பனையும் உசுப்புவோம், அதுவே அளவு மீறினால் உசுப்பேத்துறது. தீயையும் சண்டையையும் மூட்டுவோம். நம்பிக்கை ஊட்டுவோம், அதாவது குழந்தைக்குச் சோறு ஊட்டுவதுபோல. 'கோபமூட்டினான்' என்பதில் இருப்பது மூட்டா, ஊட்டா? சந்தி சேர்ந்தபின் இரண்டும் ஒரே எழுத்தில்தான் வரும். ஒன்றில் கோபம் நெருப்பு, இன்னொன்றில் கோபம் சாப்பாடு. எனக்கு நெருப்புதான் பொருத்தமாகப் படுகிறது.

இவற்றில் எனக்குப் பிடித்தது 'தூண்டு'. எண்ணெய் விளக்கில் திரி உள்ளே போய்ச் சுடர் மங்கும்போது, ஒரு குச்சியால் திரியை மேலே தள்ளிவிடுவதுதான் தூண்டுவது. அந்தக் குச்சிதான் தூண்டுகோல். தூண்டாமலே எரிவது தூண்டா விளக்கு. இதே படம் உருதுவிலும் இருக்கிறது. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு பக்கம் தெருவில் உருது காதில் விழாத நாள் இல்லையே. அதில் ஜகானா என்றால் எழுப்புவது, படக்கானா என்றால் கொழுந்துவிட்டு எரியச் செய்வது. உக்ஸானா என்றால் தூண்டிவிடுவது, விளக்குத் திரியை ஏற்றிவிடுவதற்கும் அதே சொல். ஆங்கிலேயர் வேட்டைக்காட்டில் பார்த்ததைத் தமிழும் உருதும் வீட்டு விளக்கில் பார்த்திருக்கின்றன.

இங்கே இலக்கணம் ஒன்றைக் கவனிக்கணும். எழு–எழுப்பு, கிளம்பு–கிளப்பு, மூள்–மூட்டு, உண்–ஊட்டு என்று பெரும்பாலானவற்றுக்குத் தன்வினை, பிறவினை இரண்டும் உண்டு. தானாகவும் எழலாம், இன்னொருவர் எழுப்பியும் எழலாம். தூண்டு என்பதற்கு அப்படித் தன்வினை ஜோடி கிடையாது. திரி தானாகத் தூண்டிக்கொள்ளாது, குச்சி பிடித்த கை ஒன்று வேண்டும். ஆங்கில அரௌஸுக்கும் ஏறக்குறைய இதே கதைதான், யார் எழுப்பியது என்று அது கேட்டுக்கொண்டே இருக்கும்.

1806இல் வேலூரில் நடந்ததைப் பற்றி எழுதியவர்கள் எல்லாரும் இந்தக் கேள்வியில்தான் மாட்டிக்கொண்டார்கள். 1805 நவம்பரில் சென்னைப் படைக்குப் புது உடை ஒழுங்கு வந்தது. நெற்றியில் சமயக் குறி கூடாது, தாடி கூடாது, மீசையைக் கத்தரிக்கணும், புது மாதிரித் தலைப்பாகை வைக்கணும். அந்தத் தலைப்பாகையில் ஒரு தோல் குஞ்சம். மாட்டுத்தோலா பன்றித்தோலா என்ற பேச்சு பரவியதும் இந்து, முஸ்லிம் இரு தரப்புக்கும் அது பொறுக்க முடியாததாகிவிட்டது. (இன்றைக்குத் தோலால் வாழும் இந்த வட்டாரத்தில், ஒரு துண்டுத் தோல் இவ்வளவு பெரிய காரியமாகியிருக்கிறது!) எதிர்த்தவர்களுக்குச் சாட்டையடி கிடைத்தது. முஸ்தபா பேக் என்ற சிப்பாய் சதி நடப்பதாக முன்கூட்டியே தன் படைப்பிரிவின் தளபதி ஃபோர்ப்ஸிடம் சொன்னார். நம்பாமல் அவரையே காவலில் வைத்தார்கள்.

ஜூலை 10, விடியுமுன் வெடித்தது. ஃபேன்கோர்ட் உட்பட 14 அதிகாரிகளும் 69ஆம் ரெஜிமெண்டின் நூற்றுக்கும் மேற்பட்ட வெள்ளைச் சிப்பாய்களும் செத்தார்கள். கோட்டையில் மைசூர்க் கொடி ஏறியது. அன்று காலையிலேயே ஆற்காட்டிலிருந்து கில்லெஸ்பி குதிரைப்படையோடு வந்து கோட்டையைத் திரும்பப் பிடித்தார். கொல்லப்பட்ட இந்தியச் சிப்பாய்கள் நூற்றுக்கணக்கில். பிடிபட்டவர்களில் சிலரைப் பீரங்கி வாயில் கட்டிச் சுட்டார்கள்.

அப்புறம் வந்தது விசாரணை. 1799 முதல் திப்புவின் பிள்ளைகள் அந்தக் கோட்டையில்தான் காவலில் இருந்தார்கள், முந்தைய நாள் திப்புவின் மகள் ஒருத்திக்கு அங்கே கல்யாணமும் நடந்திருந்தது. ஆகவே தூண்டியது இளவரசர்கள் என்று ஒரு கட்சி. இல்லை, சீண்டியது உடை உத்தரவு என்று இன்னொரு கட்சி. விசாரணைக் குழு இரண்டையும் காரணமாக எழுதியது. உத்தரவு ரத்தானது, திப்புவின் குடும்பம் கல்கத்தாவுக்கு அனுப்பப்பட்டது, கவர்னர் பெண்டிங்கும் தலைமைத் தளபதி கிராடக்கும் 1807இல் திரும்ப அழைக்கப்பட்டார்கள்.

இரண்டு கட்சியிலும் சிப்பாய் வெறும் திரி என்பதைப் பாருங்கள். குச்சி இளவரசன் கையிலா கிராடக் கையிலா என்பதுதான் சண்டை. 'எழுந்தார்கள்' என்ற தன்வினை அந்த வாதத்தில் எடுபடவே இல்லை. நம் பக்கம் பிற்காலத்தில் வைத்த பெயர்களில்தான் அது வருகிறது: எழுச்சி, கிளர்ச்சி, புரட்சி. மக்கான் அருகே நிற்கும் நினைவுத் தூணைச் சிப்பாய்ப் புரட்சி நினைவுத் தூண் என்றுதான் சொல்கிறோம். நினைவுத் தூண் பக்கமே நானும். உத்தரவு ஒரு காரணம், கொடி இன்னொரு காரணம், ஆனால் சாட்டையடி பார்த்த பிறகும் முடிவெடுத்தது அந்த ஆட்கள்.

ஆங்கிலேயர் பயன்படுத்திய 'ம்யூட்டினி' என்ற சொல்லும் சும்மா இல்லை. அசைவது, நகர்வது என்று பொருள்படும் லத்தீன் வினையிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது அது. உணர்ச்சியைக் குறிக்கும் 'எமோஷன்' பிறந்ததும் அதே வேரில்தான். தமிழிலும் கிளர்ச்சி என்றால் மனசுக்குள் கிளர்வதும் தெருவில் கிளர்வதும் இரண்டுமே. ஒரே நாளிதழில் பாலியல் கிளர்ச்சியும் விவசாயிகள் கிளர்ச்சியும் பக்கத்துப் பக்கத்துப் பத்தியில் வருவது அதனால்தான்.

அரௌஸுக்குப் பங்காளியான 'எக்ஸைட்' சட்டப் புத்தகத்துக்குள்ளேயே போய் உட்கார்ந்துகொண்டது. 1870இல் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் சேர்ந்த 124ஏ பிரிவு, அரசின்மீது வெறுப்புணர்ச்சியை எக்ஸைட் செய்வதையும், செய்ய முயல்வதையும் குற்றமாக்கியது. கேட்டவர்கள் உண்மையில் கிளர்ந்தார்களா என்பது அவசியமே இல்லை. திலகருக்கு 1897இல் தண்டனை கிடைத்தது இதில்தான். 1908இல் வ.உ.சி.க்கு நீதிபதி பின்ஹே விதித்த கடும் தண்டனைக்கும் அரசத் துரோகம்தான் அடிப்படை, உயர் நீதிமன்றம் பின்னர் அதைக் குறைத்தது. 2024 ஜூலை 1 முதல் பழைய சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா இருக்கிறது. அதன் 152ஆம் பிரிவில் பிரிவினை, ஆயுதக் கலகம் பற்றிய வாசகத்தின் ஆங்கில வடிவில் இன்னும் அதே எக்ஸைட்தான்.